பின்தகட்டில் ஐந்து புள்ளிகள்

தூய்மை செய்வதாக எண்ணி நான் கையொப்பமிட்ட ஒரு தாள், ஒரு மனிதரைப் பற்றி எஞ்சியிருந்த ஒரே சான்றை அழிக்கக் காரணமாகிவிட்டால், அதற்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலையில் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. இந்த மாதம் பணி ஓய்வு பெற்றிருக்கிறேன். கேள்வி இன்னும் ஓய்வு பெறவில்லை.

இதை எழுதத் தூண்டியவள் நஸ்ரின். எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது; ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். பொருள்களைப் பதிவு செய்யும் படிவம் இப்போது கணினித் திரையில் இருக்கிறது. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது. அந்தக் கட்டத்தின் தலைப்பு: 'கொண்டுவந்தவர் சொன்னது.'

"மேடம், டிரைவர்கிட்ட போய் எதுக்கு ஹிஸ்டரி கேக்கணும்? ஓனர் எல்லாத்தையும் ஈமெயில்ல அனுப்பிடறாங்க. டிரைவர் பாவம், யல்லா யல்லான்னு வண்டிய எடுக்கத்தான் பாக்குறாரு" என்றாள்.

"அந்தக் கட்டம் வந்ததுக்கு நான் செஞ்ச தப்புதான் காரணம்மா" என்றேன். அவள் சிரித்தாள், நான் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து. ஆகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

மதுரையில் வேதியியல் முதுகலை முடித்தேன். அருங்காட்சியக உலோகப் பாதுகாப்பில் இரண்டாண்டு பயிற்சி. திருமணம், விமானம், ஷார்ஜா. தொழில்பேட்டையில் ஒரு கிடங்கின் மேல்தளத்தில் இயங்கிய தனியார் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கீழே லாரி பழுதுபார்க்கும் பட்டறை. மேலே நாங்கள், அருங்காட்சியகங்களும் பழம்பொருள் சேர்ப்போரும் அனுப்பும் வாள்கள், நாணயங்கள், காபிக் கூஜாக்கள், கப்பல் மணிகள். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் தொடங்கினால் எங்கள் நுண்ணோக்கி நடுங்கும். அதற்கென்றே அவர்களோடு நேரம் பேசி வைத்திருந்தோம்.

தலைமை வகித்தவர் சூடானைச் சேர்ந்த இத்ரீஸ். எல்லோரும் அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்றே அழைத்தோம். நெடிய உருவம், மெல்லிய குரல். ஒரு பொருள் மேசைக்கு வந்ததும் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிக் கால் மணி நேரம் நடப்பார். எங்களையும் நடக்க வைப்பார். "முதலில் கண் வேலை செய்யட்டும். கை அவசரக்காரன்" என்பார். தவறு செய்தவரைத் திட்டிப் பார்த்ததில்லை. அவர் எழுதிய தாளை அவரிடமே கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்வார். அதற்குத் திட்டே மேல் என்று தோன்றும்.

வந்த பொருளின் நிலையைப் பதிய உஸ்தாத் வடிவமைத்த அறிக்கையில் கடைசிப் பத்தி 'அறியாதவை.' பொருளைப் பற்றி நமக்குத் தெரியாதவற்றை அங்கே எழுத வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பக்கம் எழுதுவேன். அனுபவம் கூடக் கூட அந்தப் பத்தி சுருங்கியது. அதை என் வளர்ச்சி என்று நினைத்தேன்.

அந்தத் துப்பாக்கி வந்தபோது எனக்குப் பதினைந்தாண்டு அனுபவம்.

வடக்கு எமிரேட் ஒன்றில், ஒரு காலத்தில் முத்து வணிகம் செய்த குடும்பம் தன் பழைய வீட்டைச் சிறு அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தது. குடும்பத் தலைவரை அபூ ஸாலிம் என்று அழைத்தார்கள். நடுக்கூடத்தில் வைக்கப்படவிருந்த முதன்மைப் பொருள் அந்தத் துப்பாக்கி. அமெரிக்கத் தயாரிப்பு, நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. விசைக்குக் கீழே உள்ள வளையத்தைக் கீழிறக்கி மேலேற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும், நெம்புகோல் வகை. உடல் முழுப் பித்தளை. அதன் இரு பக்கங்களிலும் கொடிகள், இலைகள், ஓடும் மான்கள், ஒவ்வோர் இலைக்கும் நரம்புகூடப் பிரித்துச் செதுக்கியிருந்தார்கள். இடப்பக்கத்தில் மட்டும், கொடிகளுக்கு நடுவே, உரிமையாளரின் பெயரைப் பொறிப்பதற்கென்று விட்ட நீள்வட்டம் ஒன்று வெறுமையாக இருந்தது. பரிசளிப்பதற்காகச் செய்தவற்றில் அப்படி விடுவது வழக்கம். இத்தனை செதுக்கலோடு, பெயர் பொறிக்கப்படாமல் கிடைப்பது மிக அரிது.

சுடும் ஊசி நீக்கப்பட்டிருந்தது; காவல்துறை அனுமதிக் கடிதம் உடன் வந்தது. குடும்பம் அனுப்பிய குறிப்பு சுருக்கமானது. கடல் மேட்டில் மாட்டிக்கொண்ட ஒரு வெளிநாட்டுக் கப்பலுக்கு அபூ ஸாலிமின் பாட்டனார் உதவினார். நன்றியாகக் கப்பல் தலைவர் இதை அளித்தார். 'முதல் உரிமையாளர்' என்ற இடத்தில் பாட்டனாரின் பெயர். திறப்பு விழாவுக்குப் பத்து நாள். பளபளவென்று இருக்க வேண்டும்.

துப்பாக்கியைக் கம்பளத்தில் சுற்றி எடுத்து வந்தவர் முபாரக். அறுபதைக் கடந்தவர், கரிய நிறம், நரைத்த குறுந்தாடி. அந்தக் குடும்பத்தின் வண்டியோட்டியாகவும் பொருள்களுக்குப் பொறுப்பாளராகவும் நாற்பதாண்டு இருந்தவர் என்று பிறகு அறிந்தேன். அன்று நான் அவரிடம் பேசிய ஒரே வாக்கியம், "இங்கே கையெழுத்திடுங்கள்" என்பது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் நினைவிருக்கிறது. என் தொலைபேசி ஒலித்தது. திரும்பிப் பார்த்தபோது படியிறங்கிவிட்டார்.

கட்டையின் முனையில், தோளில் பதியும் இடத்தில், ஒரு பித்தளைத் தகடு உண்டு. பின்தகடு என்போம். அதன் கீழ்ப்பகுதியில் சிறு குழிகள் இருந்தன. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி நிற்பவர்களால் அப்படி அடிபடுவது இயல்பு. 'ஊன்றியதால் அடிபட்ட குழிகள், சில' என்று எழுதினேன். எண்ணவில்லை, அளக்கவில்லை, அருகிலிருந்து படம் எடுக்கவில்லை. 'பின்தகட்டைச் சமன் செய்து மெருகேற்றவும்' என்று பணித்தாளில் குறித்தேன். அறியாதவை என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உஸ்தாத் அந்த வாரம் மஸ்கட்டில் இருந்தார்.

மெருகு வேலை செல்வராசுடையது. ராமநாதபுரத்துக்காரர். எங்களிடம் வருவதற்கு முன் காபிக் கூஜாப் பட்டறையில் எட்டு வருடம் இருந்தவர். நசுங்கிய பித்தளையை அவர் சரிசெய்தால் நசுங்கியதே தெரியாது. எமெரித் தாளால் தேய்த்து, பிறகு துணிச் சக்கரத்தில் பிடித்து, இரண்டு மணி நேரத்தில் தகட்டைக் கண்ணாடியாக்கிக் கொண்டுவந்தார். "மேடம், இதுல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம்" என்றார். நானும் பாராட்டினேன்.

வியாழக்கிழமை காலை முபாரக் வந்தார். துப்பாக்கியை வாங்கியதும் செதுக்கலைப் பார்க்கவில்லை, குழலைப் பார்க்கவில்லை. வலக்கைக் கட்டைவிரல் நேராகப் பின்தகட்டின் கீழ்ப்பகுதிக்குப் போயிற்று. தடவியது. நின்றது. மறுபடி தடவியது.

"மாஃபி" என்றார். இல்லை.

"என்ன இல்லை?"

இந்தியில் சொன்னார்; அவர் தலைமுறை வளைகுடாக்காரர் பலருக்கு நன்றாக வரும். "இங்கே ஐந்து புள்ளி இருந்தது."

"அவை அடிபட்ட குழிகள். சரி செய்துவிட்டோம்."

"குழிகளா?" அவர் முகத்தில் கோபம் இல்லை. வழி தவறியவர் போல் என்னைப் பார்த்தார். "உக்தி" என்றார், சகோதரி என்ற பொருளில். "அவற்றை என் பாட்டனார் ஆணியால் அடித்தார்."

அவரை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தேன். பொருளைக் கொண்டுவந்த அன்றே செய்திருக்க வேண்டிய காரியம். அவர் சொன்னது இது. பாட்டனார் பெயர் ஃபரஜ். அபூ ஸாலிமின் பாட்டனாருடைய படகில் முத்துக்குளித்தவர். மேட்டில் சிக்கிய கப்பலின் நங்கூரச் சங்கிலி பாறையில் மாட்டியிருந்தது. ஒன்பது முறை மூழ்கி அதை விடுவித்தவர் ஃபரஜ். கப்பல் தலைவர் படகுக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும், இந்தத் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார்.

"அப்படியானால் அது எப்படி..." என்று தொடங்கினேன்.

"என் பாட்டனார் அப்போது சுதந்திர மனிதர் அல்ல" என்றார் முபாரக். "அப்படிப்பட்டவருக்குக் கொடுத்த பொருள் யாருக்குப் போகும்? கரை சேர்ந்ததும் முதலாளி வீட்டுச் சுவருக்குப் போயிற்று. போவதற்கு முந்தின நாள், தம் முத்துக்குளிப்புக் கல்லில் போட்டிருந்த அதே குறியை இதிலும் அடித்தார். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. எங்களிடம் காகிதம் எதுவும் கிடையாது. துப்பாக்கி அவருடையது என்பதற்கு அது மட்டும்தான் இருந்தது. விழா நாளில் அபூ ஸாலிமிடம் அதைக் காட்டி, பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றிருந்தேன்."

பிறகு தேநீருக்கு நன்றி சொன்னார்.

செல்வராசுவை அழைத்தேன்.

"நீங்க குழின்னு எழுதியிருந்தீங்க மேடம். கூஜாவுல எடுக்குற மாதிரிதான் எடுத்தேன். ஆனா அஞ்சும் ஒரே அளவா, வரிசையா இருந்துச்சு. கொஞ்சம் யோசிச்சேன்."

"யோசிச்சா வந்து கேக்க வேண்டாமா? கேட்டா நான் ஏதாவது சொல்லியிருப்பேனா?"

"நீங்க சொன்னதில்ல மேடம். இதுக்கு முன்னாடி வேல பாத்த எடத்துல எல்லாரும் சொல்லியிருக்காங்க. வேலயப் பாருன்னு." பிறகு, "என்னய ஊருக்கு அனுப்பிடுவாங்களா?" என்றார்.

அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவருக்குக் கேட்கும் துணிவு வரவில்லை. அறிக்கையில் இருப்பது என் கையொப்பம் மட்டும்தான் என்றும், வேறு எவர் பெயரும் இதில் வராது என்றும் அவரிடம் சொன்னேன்.

மறுநாள் உஸ்தாத் திரும்பினார். அறிக்கையை என்னிடம் நீட்டினார். உரக்கப் படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்து 'எதுவுமில்லை' என்று படித்தபோது கையை உயர்த்தினார்.

"மற்ற வரிகளில் பிழை இருக்கிறது. இந்த வரியில் பொய் இருக்கிறது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எப்போதும் பேசவில்லை. அடுத்து அவர் கேட்டது: "புள்ளிகளைக் கோடாகக் கீறினாரா, ஆணியால் அடித்தாரா?"

"அடித்ததாகச் சொன்னார்."

"அப்படியானால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது."

ஆணியை அடிக்கும்போது மேலே குழி விழுவதோடு, அதற்கு அடியிலுள்ள பித்தளையும் நெருக்கப்படுகிறது. மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கினாலும் அந்த நெருக்கம் உள்ளே எஞ்சியிருக்கலாம். தகுந்த அளவில் நீர்த்த ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தடவினால், நெருக்கப்பட்ட பகுதியும் சுற்றுப்புறமும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டு, மறைந்த குறி தெரியக்கூடும். அழித்த எண்களைக் குற்றவியல் ஆய்வகங்கள் இம்முறையில்தான் மீட்கின்றன. ஆனால் அரித்ததை மீண்டும் ஒட்ட முடியாது. அரும்பொருளின் மேல் அமிலம் தொடுவது எங்கள் தொழிலில் ஏறக்குறைய விலக்கு. ஏற்கெனவே கெடுத்ததை மேலும் கெடுத்து, குறியும் வராமல் போகலாம். பொருளின் உடைமையாளர் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

அனுமதி கேட்பதென்றால் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். உஸ்தாதும் நானும் போனோம். அபூ ஸாலிமின் வரவேற்புக் கூடத்தில் காபி பரிமாறியவர் முபாரக்கே.

நான் அரபியில் சொன்னேன்; தடுமாறிய இடங்களில் உஸ்தாத் சொல் எடுத்துக் கொடுத்தார். அபூ ஸாலிம் இடைமறிக்காமல் கேட்டார்.

"நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பாருங்கள்" என்றார். "என் துப்பாக்கியைக் கெடுத்துவிட்டீர்கள். என் பாட்டனார் பெயரை எடுப்பதற்காக, மேலும் கொஞ்சம் கெடுக்க அனுமதி கேட்கிறீர்கள்."

"யாருடைய பெயரையும் எடுக்கக் கேட்கவில்லை ஐயா. கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரியாது என்று எழுதாமல் விட்டதுதான் என் தவறு."

அவர் முபாரக் பக்கம் திரும்பினார். "நாற்பது வருடம் என்னோடு ஒரே வண்டியில் வருகிறாய். ஏன் சொல்லவில்லை?"

காபிக் கூஜாவைக் கீழே வைக்காமலே முபாரக் சொன்னார்: "நீங்கள் கேட்கவில்லை, அபூ ஸாலிம்."

 எழுந்து போகச் சொல்லிவிடுவார் என்று எண்ணினேன். எங்கள் ஆய்வகத்தின் பெயரும், அந்தக் குடும்பத்தின் மூலம் வரவிருந்த பல வேலைகளும், செல்வராசுவின் விசாவும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் ஓடின. அபூ ஸாலிம் காலிக் கோப்பையை நீட்டினார். முபாரக் அதை நிரப்பினார்.

"என் கண் முன்னால் செய்யுங்கள்" என்றார் அபூ ஸாலிம்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். செல்வராசு பழைய பித்தளைத் துண்டுகளில் ஆணியால் புள்ளிகள் அடித்தார். தகட்டில் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாரோ அதே அளவு தேய்த்து அழித்தார். "அடிக்கிறதும் நானே, அழிக்கிறதும் நானே. எந்தக் கம்பெனியில இப்படி ஒரு டூட்டி குடுப்பான்?" என்று அவர் சொன்னபோது, அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தோம். ஆறு துண்டுகளில் நான்கில் புள்ளிகள் திரும்பி வந்தன. கரைசலின் அடர்த்தி, பஞ்சின் அளவு, எத்தனை நொடி என அனைத்தையும் குறித்துக்கொண்டோம்.

நான்காம் நாள் காலை, அபூ ஸாலிம் எங்கள் மாடிப்படி ஏறி வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். முபாரக் நின்றார். அவர் கையில் ஒரு துணிப்பை. அதில் ஃபரஜின் கூம்பு வடிவக் கல். முத்துக்குளிப்பவர் விரைந்து ஆழத்துக்கு இறங்கக் கயிற்றில் கட்டிக் காலை வைத்து இறங்கும் கல் அது. ஒரே படகில் பலர் இருப்பதால் அவரவர் கல்லில் அவரவர் குறி. முபாரக்கின் அத்தை வீட்டில் இத்தனை காலம் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்திருந்தார்களாம். மேசை மேல் வைத்தார். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று.

பக்கத்துப் பட்டறையில் வெல்டிங்கை நிறுத்தச் சொல்லியிருந்தோம். கேமராவைச் செல்வராசு இயக்கினார். நான் பஞ்சைக் கரைசலில் நனைத்து, கட்டைவிரல் அளவுப் பரப்பில் ஒருமுறை தடவினேன். ஐந்து நொடி. காய்ச்சி வடித்த நீரில் கழுவினேன். ஒன்றுமில்லை. மீண்டும். ஒன்றுமில்லை. ஏழாவது முறை தகடு மங்கலானது.  உஸ்தாத் விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திருப்பினார்.

"மேல, இடது பக்கம்!" என்றார் செல்வராசு.

ஒரு கரிய வட்டம். கம்பு மணி அளவுகூட இல்லை. அடுத்த தடவலில் வலப்பக்கம் ஒன்று. பிறகு நடுப்புள்ளி. கீழ் இடது மூலையில் நான்காவது, இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்கு மெல்லியதாக. படத்தில் தெளிவாக விழுந்தது. ஐந்தாவது வரவில்லை. இன்னும் இரண்டு முறை தடவலாமா என்று உஸ்தாதைப் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நிறுத்தினேன், கழுவி உலர்த்தினேன்.

"ஐந்தாவதை என்னால் கொண்டுவர முடியவில்லை" என்றேன் முபாரக்கிடம்.

அவர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். "அது எனக்குத் தெரியும்" என்றார்.

அபூ ஸாலிம் கல்லையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குறிப்பாக யாரிடமும் சொல்லாதவர் போலப் பேசினார்.

"பெருநாள் அன்று ஆண்கள் வரிசையாக நின்று துப்பாக்கி ஏந்தி ஆடுவார்கள். என் தந்தை இதைச் சுவர் ஆணியிலிருந்து எடுத்து, இவன் தந்தையிடம் கொடுப்பார். ஒவ்வொரு பெருநாளும். தாம் ஒருமுறைகூட ஏந்தியதில்லை. எங்களையும் ஏந்த விட்டதில்லை. இவன் தந்தை நன்றாக ஆடுவார், அதனால்தான் என்று நினைத்தேன்." பிறகு, "என் தந்தைக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

பெயர்ப்பலகை வாசகத்தை அவரே சொன்னார். "முதலில் ஃபரஜ் என்று எழுதுங்கள். முத்துக்குளிப்பவர், அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் இருந்தது என்பதைக் கீழே எழுதுங்கள். அப்போது அவர் சுதந்திரமானவராக இருக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். படிப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே."

இரு குடும்பங்களின் வாய்மொழிச் செய்தி என்பதையும், குறி மீட்கப்பட்ட விதத்தையும் உஸ்தாத் ஒரு வரியில் சேர்த்தார். துப்பாக்கியின் இடப்பக்கத்தில் உள்ள வெற்று நீள்வட்டத்தில் இப்போது பெயரைப் பொறித்துவிடலாமா என்று அபூ ஸாலிம் கேட்டார். முபாரக் மறுத்தார். "பலகையில் இருந்தால் போதும். கப்பல்காரர் விட்டபடியே இருக்கட்டும்."

கல்லையும் காட்சிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, "அத்தை கேட்பார், இனிக் கதவை எதை வைத்து நிறுத்துவது என்று" என்றார்.

"என் வீட்டில் சும்மா கிடக்கும் பீரங்கிக் குண்டு ஒன்று இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன்" என்றார் அபூ ஸாலிம். நாங்கள் பார்த்த வரையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

தகட்டில் நான் உண்டாக்கிய மங்கல் இன்றும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். செல்வராசு இப்போது பதிவுப் பிரிவில் இருக்கிறார். நஸ்ரினுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்தத் துப்பாக்கியின் அறிக்கையைத் திருத்தி எழுதியபோது, அறியாதவை என்ற பத்தியில் ஐந்தாவது புள்ளியை எழுதினேன்.

அந்த வாரமே படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்தோம். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் எந்தப் பொருளும், அதைத் தூக்கி வந்தவரை உட்கார வைத்து, அவர் சொன்னதை எழுதிக்கொள்ளாமல் மேசைக்குப் போவதில்லை.